மூன்றே ஆண்டுகளில் இன்ஜின் மவுண்டிங் மாற்றுவது எப்படி?

முப்பது நாட்களில் இந்தி கற்றுக்கொள்ளப் புத்தகம் இருக்கிறது. பத்தே நாட்களில் கார் ஓட்டக் கற்றுத்தருவதாகப் போர்டு தொங்குகிறது. பழைய பிக்கப் வண்டிக்கு இன்ஜின் மவுண்டிங் மாற்றுவதற்கு மட்டும் முறையான வழிகாட்டி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இது.

வேலை தெரிந்தவருக்கு இது அரை நாள் வேலை. ஆனால் அரை நாளில் முடித்துவிட்டால் அதில் என்ன அனுபவம் கிடைத்துவிடும்? ஒவ்வொரு கட்டத்தையும் நின்று நிதானித்துக் கடந்தால் மூன்று ஆண்டுகள் பிடிக்கும். எனக்கு அப்படித்தான் பிடித்தது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்புத் தோப்பாகச் சுற்றித் தேங்காய் ஏற்றுகிற வண்டி என்னுடையது. வயது பதினெட்டு, ஓட்டுப் போடலாம். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பதினெட்டு வருஷம் நசுங்கிக் கிடந்த ரப்பர் கிழிந்ததற்குக் கம்பெனியைக் குறை சொன்னால் ரப்பரே சிரிக்கும்.

தேவையான பொருட்கள்

பழைய பிக்கப் – 1
பாட்டில் ஜாக்கி – 1 (பக்கத்து வீட்டிலிருந்து, திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன்)
கெட்டியான பலகைத் துண்டு – 2
17, 19 சைஸ் ஸ்பேனர் – ஒவ்வொன்றிலும் இரண்டு (ஒன்று உங்களிடம் இருக்கும், இன்னொன்று இருந்ததாக ஞாபகம் இருக்கும்)
துரு இளக்கும் ஸ்பிரே – தேவையான அளவு
மச்சான் – 1
பொறுமை – உப்பு மாதிரி, ருசிக்கேற்ப
புதிய மவுண்டிங் – இப்போது வேண்டாம். மூன்றாம் ஆண்டில் சேர்த்தால் போதும்.

முதலாம் ஆண்டு: ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்

முதல் அறிகுறி டீயில் தெரியும். பேக்கரி வாசலில் இன்ஜினை ஆஃப் பண்ணாமல் வண்டியை நிறுத்தி, டீ கிளாஸை பானட்டின் மேல் வையுங்கள். டீயின் மேல் வட்ட வட்டமாகச் சிற்றலை எழுந்தால் கவலை வேண்டாம். டீசல் இன்ஜினின் இயல்பு அது. கிளாஸே எழுந்து நடந்து பானட்டின் ஓரத்துக்கு வந்தால், அது மவுண்டிங். என் கிளாஸ் நடந்தது. “பானட் சரிவா இருக்குது” என்று சொல்லிக் கையில் எடுத்துக்கொண்டேன். முதலாம் ஆண்டுப் பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம்.

மவுண்டிங் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு அலட்சியப்படுத்துவது நல்லது. நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஐடிலில் நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வெடிக்கும். ஆக நிமிஷத்துக்கு 1,600 வெடி, நொடிக்கு ஏறக்குறைய 27. தீபாவளிச் சரம்கூட மூச்சு வாங்கும் வேகம். இத்தனையும் இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கிற ஓர் இரும்புப் பிண்டத்துக்குள் நடக்கிறது. அந்தப் பிண்டத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கை அளவு ரப்பர் கட்டி. முன்னால் இரு பக்கமும் ஒவ்வொன்று. பின்னால் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒன்றோ இரண்டோ. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரைச் சூட்டில் ஒட்டவைத்திருப்பார்கள். இன்ஜினின் கனத்தைத் தாங்க வேண்டும். அதிர்வை விழுங்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் முறுக்கிக்கொண்டு எழும் இன்ஜினை இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்று வேலை, ஒரே சம்பளம்.

இந்த ஆண்டு முழுவதும் நீங்கள் சொல்ல வேண்டியவை:

“டீசல் வண்டின்னா ஆடத்தான் செய்யும்.”

“ரோடு சரியில்லை.” (வண்டி நின்றுகொண்டிருக்கும்போது இதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.)

“லோடு ஏத்துனா சரியாப் போயிரும்.” லோடு ஏற்றிய பிறகு: “லோடு இறக்குனா சரியாப் போயிரும்.”

ஆட்டத்தில் நன்மையும் உண்டு. ராத்திரி எங்கள் வீதி முக்கில் வண்டி திரும்பும்போதே கண்ணாடி, கதவு, பின்கதவுக் கொண்டி எல்லாம் சேர்ந்து மேளம் கொட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். நான் கை கால் கழுவிக்கொண்டு உட்காரவும் முதல் தோசை தட்டில் விழவும் சரியாக இருக்கும். இப்படிக் கூடிவந்த ஓர் ஏற்பாட்டைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

இரண்டாம் ஆண்டு: மவுண்டிங்கைத் தவிர எல்லாவற்றையும் மாற்றுங்கள்

மவுண்டிங்கிடம் ஒரு குணம் உண்டு. அது செத்தால் அதன் பெயரில் பில் வராது. அக்கம்பக்கத்தார் பெயரில் வரும்.

ரப்பர் அமுங்கி இன்ஜின் ஒரு விரற்கடை இறங்கியதும், இன்ஜினோடு சேர்ந்து ஆடும் ஃபேன், ரேடியேட்டரோடு நிற்கும் ஃபேன் கூட்டில் உரசும். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மாட்டிய ஹோஸ், கிளிப் போட்ட இடத்தில் கிழியும். சைலன்சர் பைப்பின் ஒரு முனை இன்ஜினில் இருக்கிறது, மறுமுனை சேஸிஸில் தொங்குகிறது. ஒன்று ஆட மற்றது ஆடாமல் நிற்க, நடுவில் விரிசல் விடும். கியர் லிவர் நடுங்கி அதன் புஷ் தேயும். பேட்டரிக்குள் தகட்டிலிருந்து பசை உதிரும். பக்கக் கண்ணாடி ஒரு நாள் தானாகவே தரையைப் பார்க்கும்.

இவையெல்லாம் ஒரே நாளில் வந்தால் முட்டாளுக்கும் சந்தேகம் வரும். வராது. வேறு வேறு மாதத்தில், வேறு வேறு கடையில், வேறு வேறு நோயாகத்தான் வரும். வெல்டிங் பட்டறைக்காரருக்குச் சைலன்சர் தெரியும். பேட்டரிக் கடைக்காரருக்கு பேட்டரி தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். நானோ முதலாம் ஆண்டுப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறியவன்.

தேங்காய்க் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து:

ரேடியேட்டர் ஹோஸ், இரண்டு தடவை – 900
சைலன்சர் வெல்டிங், மூன்று தடவை – 1,200
ஃபேன் – 1,800
கியர் லிவர் புஷ் – 350
பக்கக் கண்ணாடி, இரண்டு – 600
பேட்டரி – 5,500
ஆக மொத்தம் – 10,350 ரூபாய்

மூன்று மவுண்டிங்கும் சேர்ந்து பிற்பாடு என்ன விலை ஆனது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் இரண்டாம் ஆண்டை நீங்கள் தாண்டிக் குதித்துவிடக்கூடும்.

இதே ஆண்டின் பிற்பகுதி சொந்தக் கண்டுபிடிப்புகளுக்கானது. ஒரு நாள் கீழே குனிந்து பார்த்தபோது மவுண்டிங்கின் தகட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. இடைவெளி தெரிந்தால் அடைக்க வேண்டும் என்பது தமிழன் அறிந்த பொறியியல். பழைய ரப்பர் செருப்பை வெட்டி, ஸ்க்ரூடிரைவரால் குத்தி உள்ளே தள்ளினேன். நான்கு நாட்கள் வண்டி பூப்போல ஓடியது. ஐந்தாம் நாள் ஆழியாறு ரோட்டில் ஒரு வாசனை வந்தது. செருப்பு நடப்பதற்காகச் செய்யப்பட்டது. இருநூறு கிலோவைத் தூக்கிக்கொண்டு சூட்டில் நிற்பதற்காக அல்ல.

அடுத்தது தேங்காய் நார். பொள்ளாச்சியில் நாருக்கா பஞ்சம்? சைலன்சர் மேனிஃபோல்டு கொதிக்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் காய்ந்த நாரைத் திணித்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். புகை வந்ததும் பிடுங்கி எறிந்தேன். இந்த வழிகாட்டியில் எதைப் பின்பற்றினாலும் இதை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள்.

மூன்றாம் ஆண்டு: நோயைக் கண்டுபிடியுங்கள்

மூன்றாம் ஆண்டில் வண்டி வாய்விட்டுப் பேசும். கிளட்சை விட்டதும் ‘டொக்’. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்னொரு ‘டொக்’. இன்ஜினை ஆஃப் பண்ணினால் நனைந்த நாய் மாதிரி உடம்பை ஓர் உதறு உதறிவிட்டு நிற்கும். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு, அந்தத் தேதியும் நெருங்கியது. மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வைத்தியரிடம் போகும்போது நோயின் பெயரையும் நாமே கொண்டுபோவதுதானே முறை?

“அண்ணா, கியர்பாக்ஸ் போச்சுங்க.”

அவர் பதில் சொல்லவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே குரல் வந்தது.

“இதென்னுங் தம்பி, இன்ஜினுக்குச் செருப்பு மாட்டி உட்ருக்கறீங்க?”

அதன்பின் அவர் செய்து காட்டிய சோதனையை அப்படியே எழுதுகிறேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைக்க வேண்டும். பானட்டைத் திறக்க வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் கால் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, முதல் கியர் போட்டு, இன்ஜின் திணறும் வரைக்கும் மட்டும் கிளட்சை மெல்ல விட வேண்டும். இன்ஜின் லேசாகச் சாய்ந்தால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு மேல் எகிறினால் அந்தப் பக்கத்து மவுண்டிங் தகட்டைவிட்டுப் பிரிந்துவிட்டது. ரிவர்ஸ் போட்டு அதேபோல் செய்தால் மறுபக்கத்தின் யோக்கியதை தெரியும்.

என் வண்டியில் முதல் கியருக்கு இன்ஜின் எழுந்து நின்று வணக்கம் சொன்னது.

“கிளீனர் பக்கம் முழுசாப் போச்சுங். எப்பவும் அந்தப் பக்கந்தானுங் மொதல்ல போகும்” என்றார். அதற்குக் காரணம் உண்டு. நீளவாக்கில் இன்ஜின் வைத்த இந்த மாதிரி வண்டிகளில், முன்னோக்கி இழுக்கும்போதெல்லாம் இன்ஜினின் இடப்பக்கம் மேலே எழப் பார்க்கும், வலப்பக்கம் அமுங்கும். ரப்பர் அமுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், இழுப்பைப் பொறுக்காது. வாழ்நாள் முழுவதும் வண்டி ஓடுவது முன்னோக்கித்தான் என்பதால் அடி எப்போதும் ஒரே பக்கத்துக்கு விழுகிறது. போதாக்குறைக்கு, டீசல் பைப்பிலிருந்து ஒரு சொட்டு நேராக அந்த மவுண்டிங் மேல் விழுந்துகொண்டிருந்தது. இயற்கை ரப்பருக்கு எண்ணெயும் டீசலும் ஆகாது; ஊறி, உப்பி, கொழகொழத்துப்போகும். சொட்டை நிறுத்தாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது, ஓட்டையை அடைக்காமல் குடத்தை மாற்றுவதற்குச் சமம்.

கடைக்குப் போங்கள்

ஸ்பேர்ஸ் கடையில் முதல் கேள்வி, “கம்பெனி ஐட்டமா, சாதாவா?” விலை கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று நினைப்பீர்கள். விலையைக் கேட்டபோது நான் உட்கார்ந்துவிட்டேன். முன்பக்கத்துக்கு ஒன்று 650 வீதம் இரண்டு, கியர்பாக்ஸுக்கு 550. மொத்தம் 1,850 ரூபாய், அதுவும் கம்பெனி ஐட்டம். நோட்டின் கடைசிப் பக்கத்தை அப்போது நினைத்துக்கொள்ளாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பழையதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, உயரம், போல்ட் கண், தகட்டின் வளைவு மூன்றையும் ஒப்பிடுங்கள். ரப்பரும் தகடும் சேரும் ஓரத்தில் நகம் நுழைந்தால் வாங்காதீர்கள். பல வருஷம் அலமாரியில் காய்ந்து, மேலே மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தாலும் வாங்காதீர்கள். காற்றில் இருக்கும் ஓசோனே ரப்பரை வெடிக்கவைக்கும், வண்டியில் மாட்டித்தான் கெட வேண்டும் என்பதில்லை. கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய கதவு வாங்கலாம், பழைய ஆக்சில் வாங்கலாம். பழைய மவுண்டிங் வாங்குவது ஊசிப்போன சட்னியை எடைபோட்டு வாங்குவது. பாலியூரித்தேன் மவுண்டிங் நீடித்து உழைக்கும் என்று ஒருவர் ஆசை காட்டுவார். உழைக்கும். அது கெட்டிச் சரக்கு. தான் விழுங்க வேண்டிய அதிர்வையும் சேர்த்து உங்கள் முதுகெலும்புக்கு அனுப்பிவைக்கும்.

கடைப்பையன் உள்ளே தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கறுப்புக் கட்டியின் பூர்வீகத்தை யோசிக்கலாம். பச்சை ரப்பர் வெயிலில் உருகும், குளிரில் உடையும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோதுதான் எதற்கும் வளைந்துகொடுத்து நிமிரும் குணம் வந்தது. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. பிற்பாடு கேரளத்திலும் நம் கன்னியாகுமரியிலும் ரப்பர் மலையேறியது. அப்படியும் ஆரம்பகாலக் கார்களில் இன்ஜினைச் சட்டத்தோடு நேராக முடுக்கிவிடுவது வழக்கமாக இருந்தது. ஓட்டுபவரின் பல்லும் சேர்ந்து ஆடும். 1931இல் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் இன்ஜினை ரப்பர் மேல் மிதக்கவிட்டு, அதற்கு ‘மிதக்கும் சக்தி’ என்று பெயர்சூட்டி விற்றது. பிரான்சின் சிட்ரோயன் அந்த உரிமையை வாங்கி, தண்ணீரில் மிதக்கும் அன்னத்தைத் தன் சின்னத்தோடு சேர்த்துக்கொண்டது. அந்த அன்னத்தின் வாரிசுக்குத்தான் நான் செருப்பு மாட்டியிருந்தேன்.

வேலை நாள்

மெக்கானிக் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நிற்பதாகவும், ஸ்பேனர் பிடிப்பது நானும் மச்சானும் என்றும் ஒப்பந்தம்.

1. இன்ஜின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இன்ஜினைத் தூக்கும்போது ஸ்டார்ட்டர் கேபிள் எங்காவது உரசினால் வெல்டிங் பட்டறைக்குப் போகாமலேயே பொறி பார்க்கலாம்.

2. முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவையுங்கள். காலையில் அடித்துவிட்டு உடனே திருகினால் நட்டு வராது, போல்ட்டின் தலைதான் கையோடு வரும்.

3. இன்ஜினோடு மேலே எழப்போகிற எல்லாவற்றையும் ஒரு தடவை கண்ணால் தொட்டுப் பாருங்கள். ஹோஸ், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் பைப், சைலன்சர் கிளாம்ப். ஃபேன் கூட்டின் போல்ட்டுகளைக் கழற்றித் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் நேராக ரேடியேட்டரில் போய்த் துளை போடும். 10,350 ரூபாய்ப் பட்டியலில் இன்னொரு வரி சேரும்.

4. ஜாக்கியை இன்ஜினுக்கு அடியில் வையுங்கள். அங்கே கைக்கு முதலில் எட்டுவது ஆயில் சம்ப். அது வெறும் தகரச் சட்டி, சில இன்ஜினில் அலுமினியம். ஜாக்கியின் தலை நேராகப் பட்டால் பள்ளம் விழும், அல்லது வெடிக்கும். அகலமான பலகை வைத்துக் கனத்தைப் பரப்புங்கள். இன்ஜினைத் தூக்க வேண்டாம், ‘தாங்கிக்கிட்டேன்’ என்று ஜாக்கி சொல்லும் வரைக்கும் அடித்தால் போதும்.

5. நட்டுகளைக் கழற்றுங்கள். இந்தக் கட்டத்தில் மச்சான், “மாமா, நான் ஒரு ஐடியா சொல்லட்டுங்களா?” என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அவர் ஸ்பேனருக்கு மேல் ஜி.ஐ. பைப்பைச் செருகி ஏறி மிதித்தார். போல்ட் முறிந்தது. முறிந்ததை டிரில் போட்டு எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மச்சானுக்கு அதற்கிடையே இளநீர் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது; என்ன இருந்தாலும் வீட்டுக்காரியின் தம்பி.

6. இப்போது மெல்ல ஜாக்கி அடியுங்கள். ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. பழைய மவுண்டிங் தளர்ந்ததும் உருவுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி இடுக்கில் விரலை விடாதீர்கள். இன்னொரு பலகையை முட்டுக்கொடுத்துவிட்டுக் கையை நீட்டுங்கள். என் கையில் வந்தது ஒன்றல்ல, இரண்டு. மேல் தகடு தனியாக, ரப்பரோடு கீழ்த் தகடு தனியாக.

7. மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது உயரமாகவும் பழையது குட்டையாகவும் நின்று இன்ஜின் கோணிக்கொள்ளும், முழுப் பாரமும் புதியதின் தலையில் விழும். நன்றாக உழைக்கிறவன் தலையில்தானே எல்லா வேலையும் விழும்? ரப்பருக்கும் அதே விதி.

8. எல்லா நட்டையும் முதலில் கையாலேயே பிடிக்கவிடுங்கள். ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கண்ணும் போல்ட்டும் நேர்கோட்டில் வராது. ஜாக்கியை இறக்கி, பேட்டரியை மாட்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஒரு தடவை முன்னே, ஒரு தடவை பின்னே நகர்த்துங்கள். இன்ஜின் தனக்குச் சௌகரியமான இடத்தில் உட்காரும். அதன்பின் ஆஃப் பண்ணிவிட்டு முடுக்குங்கள். எவ்வளவு என்பது வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க் ரெஞ்ச் அதற்குத்தான். ஃபேன் கூட்டைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

9. ‘நல்லா உழைக்கட்டும்’ என்று புது ரப்பருக்குக் கிரீஸ் தடவாதீர்கள். மச்சான் தடவப் போனார். அண்ணன் கையைத் தட்டிவிட்டார்.

கேபின் ரப்பர் குறித்து ஒரு பின்குறிப்பு

வண்டியின் கேபினும் சேஸிஸ் மேல் ரப்பர் புஷ்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூலைக்கு ஒன்றாக, மேலும் கீழும் இரண்டு ரப்பர் வட்டு, நடுவில் இரும்புக் குழல், அதன் வழியே ஒரு நீள போல்ட். இவை நசுங்கினால் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கும். பானட்டுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலுமாக இருக்கும். மாற்றுவதற்கு எல்லா போல்ட்டையும் தளர்த்தி, ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, பலகை வைத்து ஒன்றிரண்டு அங்குலம் தூக்க வேண்டும். ஸ்டியரிங் ராடு, பிரேக் பைப், வயரிங் மூன்றும் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேபினுக்குள் சிறைப்பட்டிருக்கும் நட்டு துருவில் கழன்று போல்ட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கினால், தரைத் தகட்டை வெட்டித்தான் பிடிக்க முடியும். அதற்கான வழிகாட்டியை ஐந்தாண்டுத் திட்டமாக எழுதலாம் என்றிருக்கிறேன்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

கேள்வி: பழைய மவுண்டிங்கை வைத்து என்ன செய்யலாம்?
பதில்: எங்கள் வீட்டு கிரைண்டர் மாவு ஆட்டும்போது அடுக்களை முழுக்க நடக்கும். அம்மா அந்தப் பழைய ரப்பரை வாங்கி அதன் காலுக்கு அடியில் வைத்தார். கிரைண்டர் முன்பு கிழக்கே நடந்தது, இப்போது மேற்கே நடக்கிறது. செத்த ரப்பர் எங்கே வைத்தாலும் செத்த ரப்பர்தான்.

கேள்வி: இதையெல்லாம் முதலாம் ஆண்டிலேயே செய்திருக்கலாமே?
பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: மாற்றிய பிறகு வண்டி சத்தமில்லாமல் ஓடுமா?
பதில்: ஓடும். அதுதான் பிரச்சினை. கீழே படிக்கவும்.

பின்விளைவுகள்

அன்று சாயங்காலம் பேக்கரி வாசலில் டீ கிளாஸை பானட் மேல் வைத்தேன். டீயில் சிற்றலை மட்டும். கிளாஸ் வைத்த இடத்தில் நின்றது. ஆள் நடமாட்டம் இல்லாத உடுமலை ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளில் முதல் தடவையாக இன்ஜின் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அந்த அமைதியில் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின. ஆல்டர்னேட்டர் பேரிங்கின் கீச்சு. ஸ்டெப்னி சங்கிலியின் கிண்கிணி. அறுபதைத் தாண்டினால் பின்னாலிருந்து ‘ஊ’ என்று ஒரு நீண்ட ஒப்பாரி. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு மெக்கானிக் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“அண்ணா, மவுண்டிங் மாத்துனதுல இருந்து டிஃப்ரன்ஷியல் ஊளையிடுதுங்க.”

“அது ரெண்டு வருஷமா ஊளையிடுதுங் தம்பி. உங்களுக்குத்தான் கேக்கலை.”

வீட்டுக்குப் போனேன். வீதி முக்கில் திரும்பினேன். கண்ணாடி அசையவில்லை, கதவு பேசவில்லை, கொண்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. கை கால் கழுவிக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தேன். அம்மா கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்தபோது எதேச்சையாகத் திரும்பியவர் திடுக்கிட்டார்.

“எப்படா வந்தே?”

தோசைக்கல் அடுப்பில் இல்லை. மாவு ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. 12,200 ரூபாயும் மூன்று ஆண்டுகளும் செலவழித்து, சூடான தோசையை இழந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எனவே வழிகாட்டியில் ஒரு படியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. வீதி முக்கில் திரும்பும்போது ஹாரன் அடியுங்கள். ஒரு தடவை அடித்தால் தோசை. இரண்டு தடவை அடித்தால் மச்சானும் கூட வருகிறார் என்று அர்த்தம்.

ஏழு மாதம் இந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. போன வாரம் ஹாரன் நின்றுவிட்டது. ஒன்றுமில்லை, ஃபியூஸாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.